பேச வைக்கப் பழகுவோம்

உங்கள் ஊரில் மகளிர் குழு இருக்கிறதா? இருக்கும். குழு இல்லாத ஊர் இன்று குறைவு.

1992-ஆம் ஆண்டு நபார்டு வங்கி ஒரு முயற்சியைத் தொடங்கியது. நாடு முழுவதும் 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்ப்போம் என்றது. நிலப் பத்திரம் கிடையாது. அடகு வைக்க நகை கிடையாது. இப்படிப்பட்ட பெண்களை நம்பி வங்கி கடன் கொடுக்கலாமா என்று பலர் கேட்டார்கள். வங்கி கொடுத்தது. பெண்கள் திருப்பிக் கட்டினார்கள். இன்று நாட்டில் பல லட்சம் குழுக்கள் இருக்கின்றன.

ஒரு குழுவில் பெரும்பாலும் 10 முதல் 20 பேர் வரை இருப்பார்கள். வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ கூடுவார்கள். கூட்டத்தை ஒருவர் நடத்துவார். அவரை ஊக்குநர் என்கிறோம். அனிமேட்டர் என்றும் சொல்வார்கள்.

யாரை ஊக்குநர் ஆக்குகிறார்கள்? எழுதப் படிக்கத் தெரிந்தவரைத்தான். இதைப் படிக்கிற நீங்கள் நாளை அந்த இடத்துக்கு வரலாம். ஏற்கெனவே வந்தும் இருக்கலாம்.

ஊக்குநர் என்றால் தலைவியா? டீச்சரா? இரண்டும் இல்லை. மற்றவர்களைப் பேச வைப்பதும், பேசி அவர்களே முடிவு எடுக்க வைப்பதும் அவர் வேலை. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள், கஷ்டம் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குழுவில் 15 பேர். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் சேமிப்பு. மாதம் 1,500 ரூபாய் சேர்கிறது. ஒன்பது மாதத்தில் 13,500 ரூபாய். இன்றுதான் முதல் கடன் கொடுக்கும் நாள்.

மூன்று பேர் கடன் கேட்கிறார்கள். ஒருவருக்கு இரண்டு ஆடு வாங்க 8,000 ரூபாய் வேண்டும். இன்னொருவருக்கு மழைக்கு முன் கூரை மாற்ற 6,000 ரூபாய். மூன்றாமவருக்கு மகளின் பிரசவச் செலவுக்கு 3,000 ரூபாய். மொத்தம் 17,000 ரூபாய். கையில் இருப்பதைவிட 3,500 ரூபாய் அதிகம்.

ஊக்குநர் சொல்கிறார்:

"ஆடு அப்புறம் வாங்கிக்கலாம். கூரைக்கும் பிரசவத்துக்கும் கொடுத்துடுவோம். சரிதானே?"

"சரி அக்கா."

ஐந்தே நிமிடம். கூட்டம் முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இந்த முடிவு தவறா? அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கூரைக்கு 6,000, பிரசவத்துக்கு 3,000. மொத்தம் 9,000 ரூபாய். மீதி 4,500 ரூபாய் பெட்டியிலேயே கிடக்கிறது. அந்தப் பணத்தில் ஓர் ஆடு வாங்கியிருக்கலாமே! இது யாருக்கும் தோன்றவில்லை. ஊக்குநருக்கும் தோன்றவில்லை. யாரையும் பேச விடவில்லை, அதனால் யாரும் யோசிக்கவும் இல்லை. ஆடு கேட்டவர் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரவில்லை. "ஏன் வரலை?" என்று கேட்டால், "வேலை இருந்துச்சு" என்பார்.

அதே கூட்டத்தை வேறு மாதிரி நடத்திப் பார்ப்போம்.

"கையில் 13,500 இருக்கு. கேட்பது 17,000. என்ன செய்யலாம்?" என்று ஊக்குநர் கேட்கிறார்.

யாரும் பேசவில்லை. ஊக்குநரும் பேசவில்லை. காத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, சுவரோரம் சாய்ந்திருந்த பெரியம்மா வாய் திறக்கிறார்.

"ஏம்மா, ரெண்டு ஆடும் இப்பவே வேணுமா?"

"ஒண்ணு கிடைச்சாலும் போதும் பெரியம்மா. சினை ஆடா பார்த்து வாங்கிக்கிறேன்."

ஆட்டுக்கு 4,000. கூரைக்கு 6,000. பிரசவத்துக்கு 3,000. மொத்தம் 13,000 ரூபாய். மூவருக்கும் கிடைத்தது. 500 ரூபாய் மீதியும் இருக்கிறது. இதற்கு ஐந்து நிமிடம் போதாது. முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஆனால் இந்த முடிவு எல்லோருடைய முடிவு. கடன் தவணையை நாளை யாராவது கட்டாமல் விட்டால், "நாமதானே பேசிக் கொடுத்தோம்" என்று எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள். முதல் கூட்டத்தில் எடுத்த முடிவாக இருந்தால், "அக்காதானே கொடுத்தாங்க, அவங்களே வசூல் பண்ணட்டும்" என்று இருந்துவிடுவார்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு கேள்விதான். "சரிதானே?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். அதைக் கேள்வி என்றே சொல்லக்கூடாது. "என்ன செய்யலாம்?" என்று கேட்டால்தான் பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருக்கும்.

கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். கூட்டத்தில் யாரும் பேசாமல் இருந்தால் நமக்கு என்னவோ போல் இருக்கும். உடனே நாமே பதில் சொல்லிவிடுவோம். அப்படிச் செய்யாதீர்கள். மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை மெதுவாக எண்ணுங்கள். அதற்குள் யாராவது பேசிவிடுவார்கள். பேசவில்லையா? "பக்கத்தில் இருக்கிறவரோடு இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். பதினைந்து பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவர், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிவிடுவார்.

நாம் எவ்வளவு பேசுகிறோம் என்பது நமக்குத் தெரியாது. "நான் அதிகம் பேசுவதில்லை" என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கொஞ்சம் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவரிடம் கொடுங்கள். யார் பேசினாலும் அவர் முன்னால் ஒரு கொட்டையைப் போடச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். ஊக்குநர் முன்னால் ஒரு குவியல் இருக்கும். நன்றாகப் பேசுகிற மூன்று நான்கு பேர் முன்னால் கொஞ்சம் இருக்கும். சிலர் முன்னால் ஒன்றுகூட இருக்காது. யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அந்த இடத்தைப் பார்த்தாலே போதும். (பிள்ளைகள் பல்லாங்குழி ஆடக் கொட்டையை எடுத்துப் போவதற்குள் எண்ணிவிடுங்கள்!)

கொட்டை இல்லாத இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இதுதான் அடுத்த கேள்வி. பாய் விரித்தால் நடுவில் யார் உட்காருகிறார்கள்? வாசலோரம் யார் உட்காருகிறார்கள்? எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் பாயில் உட்காராமல் தரையில் உட்காருகிறார்கள்? ஊக்குநர் மட்டும் நாற்காலியிலா? வட்டமாக, எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்தால் பேச்சே மாறும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரே பெட்டியில் பணம் போடுகிறவர்கள் ஒரே பாயில் உட்காரக்கூடாதா?

பேச்சினால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். ஆந்திர மாநிலத்தில் நெல்லூர் மாவட்டம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஊர் ஊராக எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. கூலி வேலைக்குப் போகும் பெண்கள் இரவில் படிக்க வந்தார்கள். அவர்கள் படித்த பாடத்தில் சாராயத்தைப் பற்றிய கதையும் இருந்தது. படித்தவர்கள் எழுத்துக் கூட்டுவதோடு நிறுத்தவில்லை. கூலிப் பணம் எங்கே போகிறது என்று பேசினார்கள். வீட்டில் அடி ஏன் விழுகிறது என்று பேசினார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கஷ்டம் என்று நினைத்திருந்தது, ஊர்க் கஷ்டம் என்று தெரிந்தது.

துபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அந்தச் செய்தியே பிறகு பாடமாக அச்சானது. அதைப் படித்த மற்ற ஊர்ப் பெண்களும் கிளம்பினார்கள். 1992-இல் மாவட்டம் முழுவதும் போராட்டம் பரவியது. பிறகு மாநிலமே கேட்டது. 1993 அக்டோபரில் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. முழு மதுவிலக்கு 1997-இல் தளர்த்தப்பட்டது என்பது வேறு கதை. படிக்க வந்த பெண்களை வாயை மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தால், துபகுண்டாவின் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

இனி நம் மனதைக் கொஞ்சம் பார்ப்போம். மற்றவர்களைப் பேச வைக்கிறவர் தன் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எழுத்து தெரிந்ததும் நமக்கு ஒரு பெருமை வருகிறது. வரத்தான் வேண்டும். எத்தனை வருடம் கைநாட்டு வைத்தோம்! ஆனால் அந்தப் பெருமை சில நேரம் தப்பான வேலை செய்யும். தீர்மானப் புத்தகத்தை நாமே எழுதுவோம், நாமே படிப்போம், நாமே மூடி வைப்போம். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் மற்றவர்களுக்குக் காட்டுவோம். ஒரு காலத்தில் நமக்கு மற்றவர்கள் செய்தது இதுதானே? எழுதியதைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். யார் எவ்வளவு கட்டினார், யார் பாக்கி என்பதையும் படியுங்கள். அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

ஒரு நாள் யாராவது எழுந்து, "அக்கா, போன மாசக் கணக்கில் 200 ரூபாய் இடிக்குதே" என்பார். அப்போது உங்களுக்கு என்ன ஆகிறது? முகம் சூடாகும். "என்மேல் சந்தேகமா? ராத்திரி பகலா உங்களுக்காக அலையறேன்" என்று வாய் வரை வரும். இந்த இடத்தில்தான் பல குழுக்கள் உடைகின்றன. 200 ரூபாயால் உடைவதில்லை, அந்தப் பதிலால் உடைகின்றன. கோபம் வருவது இயற்கை. வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அடங்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நோட்டை எடுத்து நடுவில் வையுங்கள். "வாங்க, சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். கூட்டியதில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளலாம். தப்பு இல்லை என்றாலும் கேட்டவரைக் குத்திக் காட்டாதீர்கள். அவர் கேட்டது குழுவின் பணத்தை. அடுத்த முறையும் அவர் கேட்க வேண்டும்.

உங்கள் நாத்தனார் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது உங்களோடு பேச்சு இல்லாத பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறார். இரண்டு பேரிடமும் உங்கள் மனம் ஒரே மாதிரி இருக்குமா? இருக்காது. இருப்பது போல் நடிக்க வேண்டாம். "இவர் என் நாத்தனார். இந்தக் கடனைப் பற்றி நான் பேசமாட்டேன். நீங்கள் நடத்துங்கள்" என்று வேறு ஒருவரிடம் கூட்டத்தைக் கொடுங்கள். இதனால் நாத்தனாருக்கு வருத்தம் வரலாம். குழுவுக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும்.

தவணை கட்டாதவர் விஷயத்திலும் கவனம் வேண்டும். அவர் வீட்டு வாசலில் பத்துப் பேரோடு போய் நின்று சத்தம் போடுவது எளிது. பணம் வந்தாலும் வரும். ஆனால் அந்தப் பெண் அந்தத் தெருவில் எப்படி நடப்பார்? முதலில் ஒருவர் மட்டும் போய்க் கேட்கலாம். வேலை இல்லையா, உடம்பு சரியில்லையா என்று தெரிந்துகொண்டு, தவணையைச் சிறிதாக்குவதைப் பற்றிக் குழுவில் பேசலாம். ஏமாற்றுகிறார் என்று தெரிந்தால் கண்டிப்பாகத்தான் இருக்க வேண்டும். எது என்று தெரியாமலே கோபப்படக்கூடாது.

பெண்கள் மனம் விட்டுப் பேசத் தொடங்கினால் வீட்டுக் கதையும் வரும். கணவன் அடிக்கிறான் என்று ஒருவர் அழுவார். அது டீக்கடை வரை போகக்கூடாது. போனால் அவர் மறுபடி வாய் திறக்கமாட்டார், மற்றவர்களும் திறக்கமாட்டார்கள். அதே சமயம், எல்லாவற்றையும் நாமே தீர்த்துவிடுவோம் என்று தனியாக அந்த வீட்டுக்குள் போவதும் சரியல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-இல் சட்டம் வந்திருக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும். அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் கூடவே போங்கள். போவதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவும் ஒரே மாதத்தில் வராது. ஒரு கூட்டத்துக்கு ஒன்று என்று பழகினால் போதும். இந்த மாதம் பத்து வரை எண்ணிப் பாருங்கள். அடுத்த மாதம் புளியங்கொட்டை. அதற்கு அடுத்த மாதம், கூட்டத்தை வேறு ஒருவரை நடத்தச் சொல்லிவிட்டு நீங்கள் பாயோரம் உட்காருங்கள்.

பிறகு ஒரு நாள் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியூர் போவீர்கள். நீங்கள் இல்லாமலே கூட்டம் நடக்கும். திரும்பி வந்ததும் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எழுத்துக் கோணலாக இருக்கும். கூட்டலில் ஓர் இடத்தில் அடித்துத் திருத்தியிருப்பார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு சேர்ந்தது, யாருக்கு எதற்காகக் கடன் கொடுத்தார்கள் என்று எல்லாம் இருக்கும். அதைப் படிக்கும்போது உங்கள் மனதில் என்ன வருகிறது என்று பாருங்கள். சந்தோஷமா? நான் இல்லாமலே நடத்திவிட்டார்களே என்று கொஞ்சம் வருத்தமா? இரண்டும் சேர்ந்தே வந்தாலும் வரலாம்.