கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத விளம்பரம்

2015 டிசம்பர் கடைசி நாட்களில் இந்தியாவின் முன்னணி நாளிதழ்களைப் பிரித்தவர்கள், இரண்டு பக்கங்களை முழுதாக அடைத்துக்கொண்டு நின்ற ஒரு விளம்பரத்தைக் கடந்துதான் செய்திக்குப் போக வேண்டியிருந்தது. நகரச் சந்திகளில் எழும்பிய பெரிய பதாகைகளும் அதையே சொல்லின. வாங்கச் சொல்லி அதில் ஒரு பொருளும் இல்லை. ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்ற தனது இலவச இணையச் சேவையைக் காப்பாற்றித் தாருங்கள் என்று பேஸ்புக் நிறுவனம் மக்களிடம் ஆதரவு கேட்டிருந்தது. அடுத்த பெப்ரவரி நடுப்பகுதி வருமுன் அந்தச் சேவை இந்தியாவை விட்டே போய்விட்டது. ஏழைக்குக் கிடைத்த இலவசத்தை நகரத்துப் படித்தவர்கள் தட்டிப் பறித்த கதையாக இதைச் சொல்வோர் இன்றும் உண்டு. நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது. நாடு ஒன்று முறைப்படி கேட்ட கேள்விக்கு, காரணம் சொல்லிப் பதிலளிக்காமல் ஆள் எண்ணிக்கையைக் காட்டி நிறுவனம் தப்பப் பார்த்தது. மக்களின் கோபத்தைக் கிளப்பியது அதுதான். அந்தக் கோபம் வீணாகாமல் சட்டமாக மாறியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கொழும்பிலுள்ள நாம் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் அந்த இரண்டாவது காரணத்தைத்தான்.

முதலில் அந்தச் சேவை என்னவென்று பார்ப்போம். 2013 ஓகஸ்டில் பேஸ்புக் ‘இன்டர்நெட்.ஓர்க்’ என்ற திட்டத்தை அறிவித்தது. இந்தியாவுக்கு அது வந்தது 2015 பெப்ரவரியில், ரிலையன்ஸ் கொமியூனிகேஷன்ஸ் வலையமைப்பின் ஊடாக. தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தமிழிலும் அதைப் பாவிக்க முடிந்தது. ரிலையன்ஸ் சிம் வைத்திருப்பவர் டேட்டாவுக்குக் காசு கட்டாமலே பேஸ்புக்கையும், காலநிலை, வேலைவாய்ப்பு, சுகாதாரம் போன்ற சில டசின் தளங்களையும் பார்க்கலாம். அந்த வட்டத்துக்கு வெளியே போனால் காசு. எந்தத் தளம் உள்ளே வரலாம் என்பதற்கான நிபந்தனைகளை வகுத்ததும், விண்ணப்பங்களை ஏற்றதும் பேஸ்புக். உள்ளே வரும் எல்லாத் தளங்களின் போக்குவரத்தும் அதனுடைய வழங்கிகளைத் தொட்டுத்தான் போகும். இலவசத்துக்குப் பின்னால் இருந்த இந்த வாசற்காவல் அதிகாரம்தான் பிரச்சினையின் வேர். புதிதாக இணையத்துக்கு வரும் கோடிக்கணக்கானோர் எதை முதலில் பார்க்கிறார்கள், எதைக் காணாமலே இருக்கிறார்கள் என்பதை ஒரு தனியார் நிறுவனம் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி அந்த ஏப்ரலிலேயே எழுந்துவிட்டது. ஏர்டெல் அதேபோன்ற ஒரு திட்டத்தை அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில், அதில் சேரவிருந்த ஃபிளிப்கார்ட் பின்வாங்கியது. கிளியர்டிரிப், என்.டி.டி.வி. போன்றவை இன்டர்நெட்.ஓர்க்கை விட்டு வெளியேறின. செப்டெம்பரில் பேஸ்புக் சேவையின் பெயரை மாற்றியது. வாசற்காவல் அதன் கையிலேயே இருந்தது.

2015 டிசம்பர் 9 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், ஒரு கலந்தாய்வுப் பத்திரத்தை வெளியிட்டது. நான்கே கேள்விகள். வெவ்வேறு இணையத்தளங்களுக்கு வெவ்வேறு டேட்டாக் கட்டணம் வைக்கத் தொலைபேசிக் கொம்பனிகளை அனுமதிக்கலாமா? அனுமதித்தால், பாரபட்சம் வராமல் தடுக்க என்ன ஏற்பாடு? இப்படிச் செய்யாமலே மக்களுக்கு இலவச இணையம் கொடுக்க வேறு வழிகள் உண்டா? இவற்றோடு, சொல்ல வேண்டிய பிற விடயங்கள் ஏதும் உள்ளனவா? இவற்றில் மூன்றாவதுதான் எல்லாவற்றையும் விடக் கூர்மையானது. ஏழைக்கு இணையம் வேண்டும் என்பதை அது ஏற்றுக்கொண்டே பேசுகிறது. வழியை மட்டும் விசாரிக்கிறது. பேஸ்புக் இதற்கு என்ன செய்தது? இந்தியாவில் தன்னைப் பாவிக்கும் கோடிக்கணக்கானோரின் திரையில் ஓர் அறிவிப்பைப் போட்டது. அதைத் தொட்டால் டிராய்க்கு அனுப்ப ஒரு மின்னஞ்சல் ஏற்கனவே எழுதித் தயாராக இருந்தது. ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன், இணையச் சமத்துவத்தை ஆதரிக்கிறேன் என்ற வகையில் சில வரிகள். நான்கு கேள்விகளில் ஒன்றையேனும் அது தொடவில்லை. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இருந்த சிலருக்குக்கூட அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்தது. தவறுதலாக நடந்துவிட்டது என்றது நிறுவனம். இன்னொரு முழுப்பக்க விளம்பரம், எல்லாத் தளங்களும் சமமாக நடத்தப்படும் இணையச் சமவாய்ப்புக்காகப் போராடுவோர் உங்களுக்குச் சொல்லாமல் மறைக்கும் பத்து உண்மைகள் என்ற தோரணையில் வந்தது. 32 இலட்சம் பேர் ஏற்கனவே டிராயிடம் ஆதரவு தெரிவித்துவிட்டார்கள் என்பது அந்தப் பத்தில் ஒன்று. டிசம்பர் 28 அன்று டைம்ஸ் ஒஃப் இந்தியாவில் பேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பேர்க் தன் பெயரிலேயே கட்டுரை எழுதினார். இதை எதிர்க்கக்கூடியவர் யார்தான் இருக்க முடியும் என்ற வியப்பு அதில் தொனித்தது. எதிர்ப்பவர்களை ஏழைகளின் எதிரிகளாகக் காட்டும் அந்தத் தொனி பலரைச் சுட்டது. இந்தியத் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் கற்பிக்கும் பேராசிரியர்கள் பலர் கையெழுத்திட்டு வெளிப்படையாக மறுப்பு விடுத்தது அதன் பிறகுதான்.

எண்ணிப் பார்த்தபோது டிராய்க்கு வந்திருந்த கருத்துகள் ஏறத்தாழ 24 இலட்சம். அவற்றில் சுமார் 19 இலட்சம், பேஸ்புக்கின் இரண்டு முகவரிகள் வழியாக ஒரே வார்ப்பில் வந்த மின்னஞ்சல்கள். ஆதரித்தவர்களின் எண்ணிக்கைதான் அதிகம் என்றால் அவர்கள் பக்கம்தானே தீர்ப்பு போயிருக்க வேண்டும்? டிராய் அப்படிப் பார்க்கவில்லை. அது பார்த்த விதம்தான் சரி. 2016 ஜனவரியில் பேஸ்புக்குக்கு அனுப்பிய கடிதத்தில், தகவலறிந்து முடிவெடுப்பதற்காக நடத்தும் கலந்தாய்வை, ஆட்களைத் திரட்டி நடத்தும் முரட்டுத்தனமான வாக்கெடுப்பாக நிறுவனம் சுருக்கப் பார்க்கிறது என்ற பொருளில் அது கண்டித்தது. கலந்தாய்வில் ஒரு நல்ல காரணம், காரணமே இல்லாத ஒரு இலட்சம் மின்னஞ்சல்களை விடக் கனமானது. 2016 பெப்ரவரி 8 அன்று வந்த ஒழுங்குவிதி, உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தை மாற்றுவதைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சம் 50 இலட்சம் ரூபாய் தண்டம். அவசரகாலச் சேவைகளுக்கு விலக்கு இருந்தது. இரண்டு நாட்களில், பேஸ்புக்கின் பணிப்பாளர் சபையிலிருந்த மார்க் அன்ட்ரீசன் டுவிட்டரில் இந்தியாவின் காலனித்துவ எதிர்ப்பையே பொருளாதாரப் பேரழிவு என்று பழித்து, பிறகு மன்னிப்புக் கேட்டார். சக்கர்பேர்க்கும் அந்தக் கருத்தை மறுத்தார். மறுநாளே இந்தியாவில் சேவை நிறுத்தப்பட்டது.

எதிர்த்தவர்களும் ஒரே வார்ப்பு மின்னஞ்சல்களைத்தானே அனுப்பினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015 ஏப்ரலில் ‘சேவ் த இன்டர்நெட்’ தன்னார்வலர்கள் திரட்டிய பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் வந்தவைதான். ஆனால் அந்த வார்ப்பு, டிராய் அதற்கு முன் வெளியிட்டிருந்த வேறொரு கலந்தாய்வுப் பத்திரத்திலிருந்த இருபது கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்து விடை எழுதியிருந்தது. அனுப்புபவர் விரும்பினால் திருத்திக்கொள்ளவும் இடமிருந்தது. இரண்டு தரப்பும் ஆள் திரட்டின. ஒரு தரப்பு வினாத்தாளை வாசித்துவிட்டுத் திரட்டியது. இன்னொரு வேறுபாட்டையும் தள்ளிவிட முடியாது. பேஸ்புக் திரட்டிய இடம் அதன் சொந்த மேடை. தனது வருமானம் சம்பந்தப்பட்ட விடயத்தில், தன்னிடம் கணக்கு வைத்திருப்பவரின் பெயரையும் நட்பு வட்டத்தையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தும் வசதி எந்தத் தன்னார்வலருக்கும் கிடையாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடப் பாரமானது. அரைகுறையான இணையம் என்றாலும், இணையமே இல்லாதவருக்கு அது ஒரு தொடக்கம் அல்லவா? சக்கர்பேர்க் சொன்ன உவமை நூலகம்: எல்லாப் புத்தகமும் அங்கே இல்லாவிட்டாலும் அது நன்மைதான் செய்கிறது. உவமையை ஏற்றுக்கொண்டே பதில் சொல்லலாம். புத்தகங்களைத் தெரிவு செய்யும் நூலகர், வாசலில் தன் சொந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பவராக இருந்தால், அதை யாரும் பொது நூலகம் என்று சொல்லமாட்டார்கள். வேறு வழிகளும் அப்போதே கண்முன் இருந்தன. பங்களாதேஷில் கிராமீன்போனும் மொசில்லாவும் சேர்ந்து, ஒரு விளம்பரத்தைப் பார்த்தவருக்கு எந்தத் தளத்திலும் செலவழிக்கக்கூடிய டேட்டாவைச் சிறிதளவு இலவசமாகக் கொடுத்தன. இந்தியாவில் ஏர்செல் புதிய வாடிக்கையாளருக்கு வேகத்தைக் குறைத்து முழு இணையத்தையும் மூன்று மாதம் இலவசமாகக் கொடுத்தது. ஃப்ரீ பேசிக்ஸ் போனதால் இந்திய ஏழை இணையமின்றித் தவிக்கவும் இல்லை. 2016 செப்டெம்பரில் வந்த ஜியோ என்ற தொலைபேசிக் கொம்பனி முழு இணையத்தையும் சில மாதங்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் பத்துக் கோடி வாடிக்கையாளரைப் பிடித்தது. ஜியோ தர்மஸ்தாபனம் அல்ல. போட்டியாளர்களை நசுக்கியது, அதன் விளைவுகளை இந்தியச் சந்தை இன்றும் சுமக்கிறது. 2020இல் பேஸ்புக்கே அதில் 43,574 கோடி ரூபாய் முதலிட்டது. ஆனாலும் சில தளங்களை மட்டும் திறந்துவிடும் பூட்டிய தோட்டத்தைத் தவிர வேறு வழியில்லை என்ற வாதம் அதோடு முடிந்தது. மற்ற நாடுகளில் ‘இலவசம்’ என்ற சொல்லே நிற்கவில்லை. கட்டணமில்லை என்று நம்பிப் பாவித்தவர்களிடம் மென்பொருள் கோளாறினால் காசு அறவிடப்பட்டதை, மாதத்துக்கு 78 இலட்சம் டொலர் அளவில், பேஸ்புக்கின் உள் மதிப்பீடே ஒப்புக்கொண்டிருந்ததாக 2022 ஜனவரியில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் எழுதியது.

இனி நம் பக்கம். கொலன்னாவை, தெமட்டகொடை, வெல்லம்பிட்டிப் பக்கத்தில் ரீலோட் போடும் எந்தக் கடையிலும் பெக்கேஜ்களைக் கேட்டுப் பாருங்கள்: பேஸ்புக்குக்கு ஒன்று, யூடியூப்புக்கு ஒன்று, வட்ஸ்அப்புக்கு ஒன்று. இந்தியாவில் நாடே வாதாடிய விடயம் இங்கே விலைப்பட்டியலாக வந்து குடியேறியிருக்கிறது. நாட்கூலிக்காரருக்கு அந்தப் பெக்கேஜ் மலிவு. அவர் அதைத் தெரிவு செய்வதில் பிழையே இல்லை. ஆனால் வேலை விண்ணப்பத்தையோ ஒரு செய்தித்தளத்தையோ திறக்கும்போது வேறு கணக்கிலிருந்து டேட்டா போகிறது என்பதால், அவருடைய இணையம் மெல்ல மெல்ல இரண்டு மூன்று அப்களுக்குள் சுருங்கிவிடுகிறது. கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம், இந்தோனேசியாவில் பலர் தாம் இணையம் பாவிப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் பேஸ்புக் பாவிப்பதைப் பற்றிப் பேசியதை 2012இலேயே கவனித்து எழுதியது. அதே நிறுவனத்தின் ரொஹான் சமரஜீவ, நம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் முன்னாள் பணிப்பாளர் நாயகம், இவ்வகைச் சலுகைகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்வதை ஏற்காதவர்களில் ஒருவர். அவர் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் உதாரணமும் இங்கேயே உண்டு. 2020 கொரோனாக் காலத்தில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பின் ஊடாகப் பல்கலைக்கழக விரிவுரைகளுக்கு டேட்டாக் கட்டணம் அறவிடப்படவில்லை. வீட்டில் முடங்கிய மாணவர்கள் பலர் படிப்பைத் தொடர்ந்தது அதனால். அதை யாரும் குறை சொல்ல முடியாது. அங்கே எது இலவசம் என்பது பொதுத் தேவையைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டது. கல்வியை விற்கும் கொம்பனி எதுவும் தனக்காகத் தீர்மானிக்கவில்லை. ஆகவே முழுத் தடை வேண்டுமா என்பதில் விட்டுக்கொடுக்கலாம். யார் தெரிவு செய்கிறார், எந்தக் காரணத்தைச் சொல்லி என்ற கேள்வியில் விட்டுக்கொடுக்க முடியாது.

இதை வெறும் விலைப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள இலங்கையருக்கு, குறிப்பாக முஸ்லிம் மக்களுக்கு, இயலாது. 2018 மார்ச்சில் திகனயில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, வெறுப்பைப் பரப்பிய சிங்களப் பதிவுகள் பேஸ்புக்கில் தங்கு தடையின்றி ஓடின. அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாடு முழுவதும் முடக்கியது. முறைப்பாடுகள் கவனிக்கப்படவில்லை என்று உள்நாட்டு அமைப்புகள் பல சக்கர்பேர்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. 2020 மே மாதத்தில் நிறுவனம் அந்த வன்முறையில் தன் மேடைக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. திகன ஒரு விளம்பரத்தின் விளைவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2015இல் தனக்கொரு தேவை வந்தபோது, இந்தியாவின் கோடிக்கணக்கான திரைகளைச் சில நாட்களில் எட்டி மக்களின் கையெழுத்தைக் கேட்க முடிந்த நிறுவனத்துக்கு, 2018இல் இலங்கையர் சிங்களத்தில் கொடுத்த முறைப்பாடுகளை வாசிக்கப் போதிய ஆட்கள் இருக்கவில்லை. இணையத்துக்கான ஒரே வாசலை அப்படிப்பட்டவர் கையில் கொடுப்பதன் ஆபத்து அதில்தான் இருக்கிறது.

இந்தியாவின் எதிர்ப்பு வென்றதற்கு நகைச்சுவைக் காணொளிகளும் சமூக ஊடக ஆரவாரமும் உதவின என்பது உண்மை. ஆயினும் ஒரு பத்திரம், நான்கு கேள்விகள், ஒரு கடைசித் திகதி, வந்த பதில்களை எல்லோரும் பார்க்க வெளியிடும் வழக்கம் ஆகியவை இல்லாதிருந்தால் அந்த ஆரவாரம் ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும். நம் நாட்டில் அந்த டேட்டாப் பெக்கேஜ்கள் எல்விட்டிகல மாவத்தையிலுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தோடுதான் கடைக்கு வருகின்றன. ஒரு குறிப்பிட்ட அப்புக்குத் தனி விலை வைக்க எந்தக் காரணத்தைக் காட்டி அனுமதி பெறப்பட்டது, அந்த அப்பின் நிறுவனம் தொலைபேசிக் கொம்பனிக்கு ஏதும் கொடுக்கிறதா, பாரபட்சம் பரிசீலிக்கப்பட்டதா என்ற மூன்றையும் பாவனையாளர் சங்கங்களும் பத்திரிகைகளும் எழுத்தில் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஆணைக்குழுவின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.