உங்களுக்குத் தெரியுமா? கறுப்புத் திரையில் நீலக் கோப்புறை

கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசுப் பள்ளி பிளஸ் டூ மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோன விலையில்லா மடிக்கணினியில், கோப்புப் பட்டியலை வண்ணம் வண்ணமாகக் காட்டக்கூடிய யூனிக்ஸ் வழி டெர்மினலும் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்!

• மடிக்கணினித் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பரில். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம். உருவாக்கியது சென்னை சி-டாக், அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ் வகை.

• நிறத்தைத் தீர்மானிப்பது திரை அல்ல. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைதான் பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத எண் குறி ஒன்றை அனுப்புகிறது. 34 என்றால் நீலம், அதாவது கோப்புறை. 32 பச்சை: இயக்கக்கூடிய நிரல். 31 சிவப்பு: ஜிப் போன்ற சுருக்கக் கோப்பு. கறுப்பின் மேல் அந்த நீலத்தைப் படிப்பது பெரும்பாடு. எல்எஸ்_கலர்ஸ் என்ற மாறியில் கோப்புறைக்கான 34ஐ 33 ஆக்கினால் மஞ்சள், கண் பிழைக்கும்.

• டெபியனில் சாதாரணப் பயனருக்கு நிறம் தானாக வரும். நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கு வராது! ரூட்டின் பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் அதற்கான வரிகள் தயாராகவே இருக்கின்றன. முன்னால் உள்ள # குறிதான் தடை. அதை நீக்கி, மறுபடி உள்நுழைந்தால் போதும்.

• பட்டியலைக் கோப்பில் சேமித்தால் நிறம் காணாமல் போகும். எதிரே டெர்மினல் இல்லை என்று தெரிந்ததும் எல்எஸ்ஸின் 'ஆட்டோ' நிற அமைப்பு குறிகளை நிறுத்திவிடும். 'ஆல்வேஸ்' என்று வைத்தால் கோப்பு முழுக்கக் குறிகளின் குப்பை.