என்ஜினுக்குள் விழுந்த நட்டு, முறிந்த போல்ட்

பழைய காரின் என்ஜினைத் திறந்து வேலை பார்க்கும்போது இரண்டு விபத்துகள் அடிக்கடி நேரும். நட்டோ வாஷரோ கைதவறி உள்ளே விழும். துருப்பிடித்த போல்ட் ஸ்பேனருக்கு இணங்காமல் பாதியில் முறியும். ஓடித் தீர்ந்த சாதாரண வண்டியில் இவை பெரிய விஷயமில்லை. விண்டேஜ் காரில் அப்படி விட்டுவிட முடியாது.

மத்திய அரசின் 2021 விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவிலேயே பேணப்படும் வண்டிதான் விண்டேஜ். சேஸி, பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1970-களின் தொடக்கத்தில் பதிவான அம்பாசிடரும் இந்த வயதை எட்டிவிட்டது. தில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் அலைந்தால் அதற்கு வால்வும் பிஸ்டனும் அகப்படலாம். வண்டியோடு பிறந்த சிலிண்டர் பிளாக்குக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.

உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டதும் செய்ய வேண்டியது, எதையும் சுழற்றாமல் நிறுத்துவது. ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. ஹேண்டில் போட்டும் சுற்றக் கூடாது. அம்பாசிடரின் 1489 சிசி என்ஜினில் பிஸ்டன் சுமார் 89 மி.மீ. ஏறி இறங்குகிறது. உச்சிக்கு வந்ததும் அதற்கும் ஹெட்டுக்கும் இடையே மிச்சமிருப்பது சில மில்லிமீட்டர்தான். அங்கே ஓர் எஃகு நட்டு மாட்டினால் அலுமினிய பிஸ்டனில் பள்ளம் விழும். நட்டு வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் சிக்கினால் வால்வே வளையும்.

அடுத்து, பொருள் எந்த வழியாகப் போனது என்று பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக் துளைக்குள் விழுந்தது அந்தச் சிலிண்டரில்தான் இருக்கும். கார்புரேட்டர் வாய்க்குள் போனதைத் தேடுவது சிரமம். இந்த என்ஜினில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து உறிஞ்சு வழி இரண்டுதான். இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரு வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் பொருள் போன வழியின் இரண்டு சிலிண்டரையும் பார்க்க வேண்டியிருக்கும். ராக்கர் மூடியைக் கழற்றிய நேரத்தில் நழுவியது புஷ்ராட் துளை வழியே டேப்பெட் அறைக்கோ, அங்கிருந்து ஆயில் சம்புக்கோ இறங்கும். பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைத் திறந்தால் டேப்பெட் அறை தெரியும். சம்புக்குப் போயிருந்தால் ஆயிலை வடித்து அதைக் கழற்றுவதே நேர்வழி.

கருவியைத் தீர்மானிப்பது விழுந்த பொருளின் உலோகம். எஃகு என்றால் நீளும் காந்தக் கம்பி போதும். கார்புரேட்டரின் த்ராட்டில் தகட்டைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளோ பித்தளை, காந்தத்துக்கு அசையாது. குச்சி முனையில் கெட்டியான கிரீஸைத் தடவி ஒற்றி எடுப்பது இதற்கான பழைய உபாயம். 14 மி.மீ. பிளக் துளைக்குள் நுழையும் ரப்பர் குழாயை வாக்குவம் கிளீனரில் பொருத்தி உறிஞ்சுவது இன்னொன்று. குழாய்க் கேமரா மலிவாகிவிட்ட இந்நாளில் கண்ணால் பார்க்காமல் துழாவுவது வீண் வேலை. காற்றடித்து வெளியேற்றப் பார்ப்பவர்களும் உண்டு. பொருள் வெளியே வருவதைவிட இன்னும் உள்ளே ஒதுங்குவதே அதிகம். எதுவும் பலிக்காவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். ஒரு கேஸ்கெட் செலவு, பிளாக்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

முறிந்த போல்ட் இதைவிடப் பொல்லாதது. சூடேறி ஆறி, ஏறி ஆறி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் தலையில்லாத போல்ட்டுகளான ஸ்டட்டுகள் வார்ப்பிரும்போடு துருவால் ஒட்டிப்போகும். முறிந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிடலாம். பிறகு இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டைப் பிடித்துத் திருப்பலாம். முனை வார்ப்பின் பரப்போடு சமமாக முறிந்திருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நடுத்துளை வழியே வெல்டிங் செய்வது நல்ல வழி. பிடி கிடைப்பதைவிட முக்கியம், வெல்டிங்கின் சூடு துருவின் பிடியைத் தளர்த்துவது.

பலரும் முதலில் கையில் எடுப்பது ஈசி-அவுட். ஸ்டட்டின் நடுவில் துளையிட்டு, கூம்பு முனையுள்ள இந்தக் கருவியை இடப்புறமாகத் திருகுவார்கள். முழு ஸ்டட்டே தாங்காமல் முறிந்த இடத்தில், அதைவிட மெல்லிய கருவி தாங்கும் என்று நம்புவது துணிச்சல்தான். அதுவும் உள்ளே ஒடிந்தால், கடினப்படுத்திய அந்த எஃகில் சாதாரண டிரில் ஏறாது. ஹெட்டையோ பிளாக்கையோ ஸ்பார்க் எரோஷன் பட்டறைக்குத் தூக்க வேண்டியதுதான். மின்பொறி அந்த எஃகைத் துளித்துளியாக அரித்துத் தின்னும். இடது சுற்று டிரில் பிட்டுக்கு இந்த ஆபத்து குறைவு. துளையிடும்போதே சில நேரம் ஸ்டட் கழன்று வந்துவிடும்.

மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருளைப் பதித்துப் பழைய அளவையே மீட்கலாம். பிரிட்டிஷ் வழிவந்த இந்த என்ஜினின் மரைகள் அங்குலக் கணக்கு. 5/16 அங்குல யுஎன்எஃப் போல்ட் 7.94 மி.மீ. தடிமன், அங்குலத்துக்கு 24 சுற்று. கண்ணுக்கு 8 மி.மீ. போல்ட்டும் அதுவும் ஒன்றே. மெட்ரிக் போல்ட் ஓரிரு சுற்று சாதுவாக ஏறி இறுகும். அதற்குமேல் ஸ்பேனரால் அழுத்தினால் நல்ல மரையையும் அறுத்துவிடும்.

டிரில், மரை வெட்டும் டேப் இரண்டுக்கும் கிரீஸ் பூசினால் இரும்புத்தூள் அதில் ஒட்டி வெளியே வரும். எல்லாம் முடிந்த பிறகும் பிளக்குகளைக் கழற்றி வைத்தபடி ஹேண்டிலால் கிராங்கை மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூட அவ்வளவு சுற்று தேவை. கையில் எந்தத் தட்டலும் தடையும் படவில்லை என்றால், சிலிண்டர்களின் கம்ப்ரெஷனை அளந்து, புது ஆயில் ஊற்றி, அதன்பின் ஸ்டார்ட் செய்யலாம்.