சகரம் இருக்கும் ஓரம்

கையும் கருவியும் – 9

யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா அமைத்த தமிழ்த் தட்டச்சு யந்திரத்தைப் பற்றிச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தினேன். அந்த வகை யந்திரத்தின் முன் இளமையில் உட்கார்ந்து, பயிலகத்தில் லோயர், ஹையர் என்ற தட்டச்சுத் தேர்வுகளில் தேறி, முப்பது ஆண்டுகளாகச் செஞ்சியில் கிரயப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும் எழுதி ஜீவனம் நடத்தி வருகிற ஓர் ஆவண எழுத்தர் எனக்கு நெடுநாளைய சிநேகிதர். சென்ற மாதம் அவருடைய கடைக்குப் போயிருந்தபோது, சென்னையில் உத்தியோகம் பார்க்கும் மகன் தகப்பனாருக்கென்று கொண்டுவந்து கொடுத்த உயர்ந்த ரகத்து மடிக்கணினி ஒன்று மேஜைமேல் இருந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனமே உள்ள அந்த யந்திரத்தைக் கையில் எடுத்து நான் வியந்துகொண்டிருந்தேன். அவர் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

“சார், இப்படி வந்து பாருங்க. ‘கிரயம்’னு அடிக்கிறேன், ‘கிர’ன்னு நின்னுட்டுக் கீழ்வரிக்கு ஓடிப்போயிடுது. ஊர்ப் பேரை அடிச்சா ‘ஞெஞ்சி’ன்னு விழுது. முப்பது வருஷம் அடிச்ச கை சார் இது!”

நான் அவருடைய பின்புறம் நின்று விரல்களையே கவனித்தேன். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகைக்கு அவர் மாறிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த முறையில் உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கும் வகுக்கப்பட்டிருப்பதால், ஆங்கிலத்தில் எழுத்தே இல்லாத வலது ஓரத்து விசைகளும் தமிழில் வேலை செய்தாக வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயனுக்குச் சதுர அடைப்புக்குறியாக இருக்கும் இரண்டு விசைகள் நமக்குச் சகரமும் ஞகரமும்; அரைப்புள்ளி நமக்கு நகரம்; மேற்கோள் குறி யகரம்; சாய்கோடு நம்முடைய ழகரம். ‘செஞ்சி’ என்று எழுத ச, எ, ஞ, ச, இ என ஐந்து தட்டுகள் போதும், ஞகரத்தின் புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும். ஆனால் அந்த ஐந்தில் மூன்று தட்டுகள் வலது சுண்டுவிரலால் அந்த அடைப்புக்குறி விசைகளின்மேல் விழ வேண்டியவை. மகன் கொடுத்த யந்திரத்திலோ, மற்ற விசைகளெல்லாம் முழு அகலத்தில் இருக்க, இந்த ஓரத்து விசைகள் மட்டும் ஏறக்குறைய முக்கால் அகலத்துக்குக் குறுக்கப்பட்டிருந்தன. பழகிய தூரத்துக்குச் சுண்டுவிரல் நீண்டபோது சகரத்தைத் தாண்டி ஞகரத்தில் விழுந்தது; யகரத்தைத் தாண்டி எண்டர் விசையில் விழுந்தது. கை தவறு செய்யவில்லை. கை கற்ற அளவை யந்திரம் மாற்றிவிட்டது.

இந்தச் சிறு சங்கடத்தின் மூலகாரணத்தைத் தேடிப் போனால், அது விசைப்பலகையில் இல்லாமல் திரையின் வடிவத்தில் போய் நிற்கிறது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்த விஷயம்.

முழு அளவு விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். இது தட்டச்சு யந்திரக் காலத்திலிருந்து மனிதக் கைக்குப் பழகிப்போன பிரமாணம். குறுக்குவாட்டில் ஒரு வரிசைக்குப் பதினைந்து விசைகளின் இடம் வேண்டுமாகையால், எழுத்துப் பகுதி மட்டும் சுமார் 286 மில்லிமீட்டர் அகலம் கேட்கும். பழைய காலத்து 14.1 அங்குல, 4:3 விகிதத் திரையை அளந்து பாருங்கள்: அகலம் அதே 286 மில்லிமீட்டர், உயரம் 215. கைக்கு வேண்டிய அகலமும் கண்ணுக்கு வேண்டிய உயரமும் ஒரே பெட்டியில் பொருந்தி வந்த காலம் அது. ஐபிஎம்மின் திங்க்பேட் யந்திரங்களை இன்றும் பலர் பக்தியோடு நினைவுகூர்வதற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணமென்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பொருத்தம் தொடக்கத்திலேயே கைகூடிவிடவில்லை. 1992-இல் வந்த முதல் திங்க்பேட் 700சி-யின் வர்ணத் திரை 10.4 அங்குலம்தான், அதன் அகலம் 211 மில்லிமீட்டர். அதற்கேற்பப் பெட்டியைச் சுருக்கினால் முழு விசைப்பலகைக்கு இடமில்லை. விசைப்பலகைக்கேற்பப் பெட்டியைப் பெருக்கினால் சிறு யந்திரம் என்ற பெயருக்குப் பொருளில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஐபிஎம் பொறியாளர் ஜான் கரிடிஸ். விசைப்பலகையைப் படிக்கட்டுப் போன்ற கோட்டில் குறுக்கே இரண்டாகப் பிளந்து, மூடியைத் திறக்கும்போது இரு துண்டுகளும் நழுவி நகர்ந்து ஒன்றோடொன்று பல் பொருந்திப் பெட்டிக்கு வெளியே இருபுறமும் சிறகுபோல் நீட்டி நிற்கவும், மூடும்போது தாமே உள்ளே ஒடுங்கிக்கொள்ளவும் அவர் செய்த ஏற்பாடு 1995-இல் 701 என்ற யந்திரத்தில் வெளிவந்தது. பட்டாம்பூச்சி என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அதைத் தன் சேகரத்தில் வைத்திருக்கிறது. திரை பெருத்ததும் அதற்குத் தேவை போய்விட்டது. ஆனாலும் விரலின் அளவைக் குறைக்க மாட்டேன் என்று ஒரு மனிதர் பிடிவாதம் பிடித்தார் என்பதற்காகவே அந்த யந்திரத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை உண்டாகிறது.

பிறகு வந்தது அகலத் திரை. முதலில் 16:10, பின் 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொலைக்காட்சிக்கென்று வெட்டப்படும் கண்ணாடித் தகடுகளோடு சேர்த்து வெட்டினால் செலவு குறையும் என்பதால், 16:9. மூலைக்கு மூலை பதினான்கு அங்குலம் என்ற பெயர் மாறாமலே திரையின் உயரம் 174 மில்லிமீட்டராகக் குறைந்தது. பழைய திரையோடு ஒப்பிட்டால் நாலு சென்டிமீட்டர் நஷ்டம். சினிமாப் பார்க்கிறவருக்கு இது நஷ்டமே அல்ல. பத்திரம் எழுதுகிறவருக்கோ, காகிதம் நின்றுகொண்டிருக்க, திரை படுத்துக்கொண்டுவிட்டது. மேலே வேர்டின் பட்டை, கீழே விண்டோஸின் பட்டை, இவை இரண்டும் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை. நடுவில் மிஞ்சுவது சொத்து விவரத்தின் நான்கெல்லையை ஒரே பார்வையில் காட்டப் போதாது. வடக்கெல்லையைப் படித்து முடித்துத் தெற்கெல்லைக்கு உருட்டும்போது வடக்கு மறைந்துவிடும். பத்திரத்தில் பிழை நுழைவது இந்த இடத்தில்தான் என்று என் சிநேகிதர் சொல்வார். தமிழுக்கு இந்தக் குறை இன்னும் சற்று அதிகம். கீ, கூ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் கை நீட்டுவதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிட விசாலமான இடம் வேண்டும்; விண்டோஸில் நெடுங்காலம் புழங்கிய லதா எழுத்துருவில் வரிகள் எவ்வளவு தள்ளித் தள்ளி விழும் என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள்.

2020-ஐ ஒட்டி உயர்ரக யந்திரங்கள் மீண்டும் உயரத்தின் பக்கம் திரும்பின. திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 2021-இல் 16:10-க்கு வந்தது. மைக்ரோசாப்டின் சர்ஃபேஸ் ஏற்கெனவே 3:2-இல் நின்றது. எச்பியின் எலீட் டிராகன்ஃபிளை 2022-இல் அதே 3:2-ஐ மேற்கொண்டது. பதினான்கு அங்குல 16:10 திரையின் உயரம் 188 மில்லிமீட்டர். பதின்மூன்றரை அங்குல 3:2 திரைக்கு 190. இரண்டு தமிழ் வரிகள் கூடுதலாகத் தெரியும். இரண்டு வரிதானே என்று எண்ண வேண்டாம். அந்த இரண்டு வரிகளில் ஓர் எல்லை முழுவதும் அடங்கும்.

ஆனால் உயரம் திரும்பி வந்த அதே காலத்தில் இன்னொன்று பறிபோயிற்று. முன்பெல்லாம் திரையைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்தில் சட்டம் இருக்கும். அந்தச் சட்டத்தின் அகலமெல்லாம் கீழே விசைப்பலகைக்கு உபகாரமாக இருந்தது. சட்டத்தை நூலாக மெலியச் செய்ததும் பெட்டி திரையின் அகலத்துக்கே ஒடுங்கிவிட்டது. பதின்மூன்று அங்குல 16:10 திரையின் அகலம் 280 மில்லிமீட்டர். விசைப்பலகை கேட்பதோ 286. இந்தப் பற்றாக்குறையை எங்கே ஈடுகட்டுவது? எழுத்து விசைகளைக் குறுக்கினால் வாங்குகிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே நிறுத்தக்குறிகள் குடியிருக்கும் வலது ஓரத்தில் கத்தரிக்கோல் விழுகிறது. அங்கே ஒரு மொழியின் மெய்யெழுத்துகள் குடியிருக்கின்றன என்பதை வரைபடம் போடுகிறவர் அறியமாட்டார்; அறிந்து சொல்ல வேண்டியவர்கள் நாமே.

பெரிய யந்திரம் வாங்கிவிட்டால் இது தீர்ந்துவிடுமென்று நினைப்பதும் சரியன்று. 15.6 அங்குல 16:9 திரையின் அகலம் 345 மில்லிமீட்டர். அதில் எண் விசைத் தொகுதியையும் சேர்த்தால், 286-ஓடு நான்கு விசைகளின் அகலத்துக்கு 76 கூடி, 362 ஆகிறது. மறுபடியும் பற்றாக்குறை, மறுபடியும் அதே ஓரம் நசுங்குகிறது. அத்துடன், கைகள் இடப்புறம் ஒதுங்க, கண் திரையின் நடுவைப் பார்க்க, நாள் முழுவதும் உடம்பு சற்றுத் திருகியே இருக்கும். கணக்கெழுதுகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வது நியாயம். எழுத்து வேலை செய்கிறவர்களுக்கு அதில் அனுகூலம் எதுவும் இல்லை.

இனித் திரையின் துல்லியம். செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்று என்றொரு பாறை இருக்கிறது; இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்களை அதில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கே உண்டு. தமிழின் ‘ஐ’ என்னும் எழுத்து முதன்முதலாகக் காணப்படுவது அதில்தான் என்பார்கள் அறிஞர்கள். அந்த எழுத்தைத் தேடிப் பாறையை ஒட்டி நின்று பார்த்தபோது, கல்லின் சொரசொரப்பில் எது கோடு, எது கல்லின் வடு என்று பிரிக்கக் கண் திணறியது. மலிவான திரையில் தமிழ் படிக்கும்போதும் எனக்கு அதே திணறல் உண்டாகிறது.

1366-க்கு 768 பிக்சல் கொண்ட பதினான்கு அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 112 பிக்சல்; அதில் பன்னிரண்டு புள்ளி அளவுள்ள எழுத்துக்குப் பதினாறு பிக்சல் உயரமே வழக்கமாகக் கிடைக்கும். அதற்குள் இரண்டு சுழி னகரமும் மூன்று சுழி ணகரமும் தங்கள் வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். மெய்யின் புள்ளி இரண்டொரு பிக்சலில் உட்கார வேண்டும். ரகரம் தன் கீழ்க்கோட்டைக் காட்டித் துணைக்கால் அல்லவென்று நிரூபிக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் விளையாட்டல்ல. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் ரகரத்துக்குப் பதிலாகக் காலைப் போட்டு அதன்மேல் இகரக் குறியை ஏற்றி ‘ரி’ என்று ஒப்பேற்றிய கோப்புகள் இன்றும் ஏராளமாக உலவுகின்றன. மங்கலான திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஆனால் ‘ஏரி’ என்று தேடினால் கணினி அந்த ஏரியைக் கண்டுபிடித்துத் தராது. ஏரிக்கரை எல்லையில்லாத பத்திரம் இந்த வட்டாரத்தில் எத்தனை இருக்கும்!

அதே பதினான்கு அங்குலத்தில் 1920-க்கு 1200 என்றால் அங்குலத்துக்கு 162 பிக்சல். 2880-க்கு 1800 என்றால் 243. பின்னதில் தமிழைப் பார்ப்பது ஆனந்தம்தான்; புள்ளி வட்டமாகவே இருக்கும். ஆயினும் அத்தனை பிக்சல்களையும் வரைந்து ஒளியூட்ட மின்கலம் கூடுதலாகச் செலவாகும். மின்சாரம் நிற்கும் பிற்பகலில் பத்திரத்தை முடித்துச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓட வேண்டியவருக்கு அந்த ஆனந்தம் விலை அதிகம். வேறு யந்திரம் வாங்க எண்ணிய சிநேகிதரிடம் 1920-க்கு 1200 போதுமென்று சொன்னேன். பளபளப்பில்லாத, மங்கல் மேற்பூச்சுள்ள திரையாக இருக்க வேண்டுமென்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாமென்றேன். வாசலுக்கு நேரே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறைகள் வெயிலைத் திருப்பியடிக்கும் அந்தக் கடையில் கண்ணாடித் திரை முகம் பார்க்கத்தான் உதவும்.

விசை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. யந்திரம் மெலிய மெலிய அதுவும் குறைந்து, இன்று ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தாலே நல்லதென்று சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறது. சுண்டுவிரல் பத்து விரல்களிலும் பலவீனமானது. ஓரத்து விசை குறுகியும் ஆழமற்றும் இருந்தால் பட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

போன வாரம் அந்த யந்திரத்தைத் தேடி இருவரும் புதுச்சேரிக்குப் போனோம். கடைக்காரப் பையன் மரியாதையாகத் திரையின் வர்ணங்களைக் காட்டினான், எடையைச் சொன்னான். என் சிநேகிதர், “தம்பி, நோட்பேடைத் திறந்து தமிழ்99 போட்டுக் குடுப்பா” என்று மட்டும் கேட்டார். பையன் போட்டுக் கொடுத்தான். முதல் யந்திரத்தில் இரண்டு தடவை அடித்துப் பார்த்து எழுந்துவிட்டார். மூன்றாவதாகக் காட்டியது பதினான்கு அங்குலம், 16:10. வலது ஓரத்து விசைகள் முழு அகலத்தில் இருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தெருவைப் பார்த்தபடியே ‘செஞ்சி’ என்று பத்துத் தடவை அடித்தார். பிறகு ‘கிரயம்’ என்று பத்துத் தடவை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக விரல் வைத்து எண்ணினார். ஒன்றும் பிசகவில்லை. அதன் பிறகுதான் விலையைக் கேட்டார்.