குறைந்த எண்ணை நம்பியவர்கள்

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் எஞ்சினில், பிற்காலத்தில் நாம் அறிந்த கார்புரேட்டர் கிடையாது. உயரத்தில் கட்டிய சிறு கலனிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்து, எஞ்சினின் மேற்புறத்திலிருந்த ஆழமற்ற அறையில் விழும். அங்குள்ள சூட்டில் ஆவியாகிக் காற்றுடன் கலக்கும். பிஸ்டன் கீழிறங்கும்போது ஏற்படும் உறிஞ்சலில் உள்வால்வு தானே திறந்து, அந்தக் கலவையைச் சிலிண்டருக்குள் அனுமதிக்கும்.

எளிய ஏற்பாடுதான்; ஆனால் அதற்கொரு விலை இருந்தது. பெட்ரோலை ஆவியாக்கும் அதே சூடு, உள்ளே செல்லும் காற்றையும் விரிவடையச் செய்கிறது. விரிந்த காற்றின் நிறை குறைவு. ஆகவே ஒவ்வோர் உறிஞ்சலிலும் எரிவதும் குறைவு. சோதனையில், இயக்கிய உடனே ஏறத்தாழ 16 குதிரைத்திறன் தந்த எஞ்சின், சூடேறிய சில நிமிடங்களில் 12-க்கு இறங்கியது.

இந்த எஞ்சினை அவர்களது சைக்கிள் கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரங்களில் உருவாக்கினார். பிப்ரவரிச் சோதனையொன்றில் சொட்டிய பெட்ரோலால் பேரிங்குகள் இறுகி, எஞ்சினின் அலுமினிய உடலே உடைந்தது. புதிய வார்ப்பு வந்துசேர ஏப்ரல் ஆகிவிட்டது.

நான்கு குதிரைத்திறனை இழந்தும் அவர்கள் கலங்காததற்குக் காரணம் உண்டு. 1901-இல் தாமே அமைத்த காற்றுச் சுரங்கத்தில் இறக்கை வடிவங்களை அளந்து பார்த்தவர்கள் அவர்கள். 8 குதிரைத்திறனே போதும் என்பது அவர்கள் கணக்கு. எனவே 16-ஐ அல்ல, 12-ஐயே எஞ்சினின் திறனாகக் கொண்டாலும் கையில் மிச்சம் இருந்தது. நிறுவுதிறனை மட்டும் பெரிதாக அச்சிடும் நம் மின்திட்ட அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம், பொருளாதாரம் கற்பித்த எனக்கு இந்த 12 நினைவுக்கு வரும்.

அதே ஆண்டில் சாமுவேல் லாங்லியின் விமானத்தில் 52 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தது. அமெரிக்கப் போர்த்துறை மட்டுமே 50,000 டாலர் அளித்திருந்தது. எஞ்சின் அருமையானது, விமானமோ அக்டோபரிலும் டிசம்பரிலும் ஆற்றில் விழுந்தது. ரைட் சகோதரர்களின் மொத்தச் செலவு 1,000 டாலருக்கும் குறைவு.

கிட்டி ஹாக் அருகே அந்த எஞ்சின் அன்று நான்கு முறை விமானத்தை மேலே தூக்கியது. கடைசிப் பறத்தல் 59 விநாடி, 852 அடி. சற்று நேரத்தில் பலத்த காற்று விமானத்தைப் புரட்டிப்போட, எஞ்சினும் உடைந்தது.