பெட்டித் துணியும் பச்சைக் குழந்தையும்

அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தில் நம்மவர் வீடுகள் பலவற்றில் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். விருந்தாளிக்கு விரிக்கும் ஜமக்காளம், நல்ல போர்வை, தலையணை உறை எல்லாம் அதில்தான். மழைக்காலம் கழித்துத் திறந்தால் குப்பென்று பூசண வாடை வீசும். உடனே நாலு அந்துருண்டை வாங்கிப் போட்டுவிடுகிறோம்.

வாடைக்குக் காரணம் ஈரம். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. பல நாள் வெயில் தலைகாட்டாது. அரைகுறையாக உலர்ந்த துணியை மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். கஞ்சி போட்ட துணியென்றால் அதற்குக் கஞ்சியே ஆகாரம். அந்துருண்டை ஈரத்தைப் போக்காது. வாடையை வாடையால் மறைக்கும், அவ்வளவே. அந்துப்பூச்சியின் புழு அரிப்பதும் பெரும்பாலும் கம்பளி, பட்டு வகைகளைத்தான்.

இதில் ஆபத்தும் உண்டு. மகள் பிரசவத்துக்கு வந்தால், பெட்டியில் இருக்கும் பழைய மெல்லிய வேட்டியைக் கிழித்துத்தான் குழந்தையைச் சுற்றுகிறோம். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ஆவியாகித் துணியில் ஊறியிருக்கும். ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு அந்த ஆவி பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரும், மூளையும் பாதிக்கப்படலாம். குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்பது பார்வைக்குத் தெரியாது. ஆகவே குழந்தைத் துணி உள்ள பெட்டியில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். கற்பூரமும் வேண்டாம், அதைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும்.

பின் என்ன செய்வது? துணியைத் துவைத்து, கஞ்சி போடாமல், நல்ல வெயிலில் மொறமொறவென்று உலர்த்துங்கள். இஸ்திரி போட்டால் சூடு ஆறிய பிறகே அடுக்குங்கள். பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். மழை மாதங்களில் வெயில் கண்ட நாளில் திறந்து காற்றாட விடுங்கள்.

மணம் வேண்டுமென்றால் உலர்ந்த வெட்டிவேரை ஒரு துணியில் முடிந்து போடலாம். வேப்பிலை போடுவோர் நிழலில் நன்றாகக் காய வைத்தே போட வேண்டும். பச்சை இலை ஈரத்தைத்தான் கூட்டும்.

ஏற்கெனவே அந்துருண்டை வாடை ஏறிய துணியைத் துவைத்து, வாடை அறவே போகும்வரை வெயிலில் போட்டுப் பெரியவர்கள் உடுத்தலாம். பச்சைக் குழந்தைக்கு மட்டும் வேறு துணி எடுங்கள்.