கண்ணுக்குக் கீழே கருப்பா? இமைக்குள்ளேயும் பாருங்கள்



கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தால் என்ன பூசலாம் என்று பலரும் கேட்கிறீர்கள். செலவில்லாத வழி இருக்கு. வெறும் தேயிலைச் சாயத்தை நன்றாக ஆறவைத்து, சுத்தமான துணியை அதில் நனைத்து, மூடிய கண்மேல் 10 நிமிடம் வையுங்கள். வெள்ளரிக்காய்த் துண்டும் வைக்கலாம். வீக்கம் குறையும், கண் குளிரும். ஆனால் கருப்பு முழுக்கப் போகாது. தேசிக்காய்ச் சாறு பூச வேண்டாம், கண் எரியும். வெள்ளையாக்கும் கிரீமும் வேண்டாம். சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சிலருக்கு இது பரம்பரையாக வரும். சிலருக்குத் தூக்கம் போதாமல் வரும். விடியுமுன் எழும்பி, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு பிரட்டுக்கு ஓடுகிறவளுக்குத் தூக்கம் எங்கே? வீட்டு வேலையில் ஆம்பிளைகளும் கைகொடுக்க வேணும்.

கீழ் இமையை மெல்ல இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். உள்பக்கம் சிவப்பில்லாமல் வெளுத்திருந்தால், மலை ஏறும்போது மூச்சு வாங்கினால், இரத்தச் சோகையாக இருக்கலாம். அதற்குப் பூச்சு மருந்து கிடையாது. டிஸ்பென்சரியில் சொல்லி இரத்தம் சோதியுங்கள்.

கீரை, பருப்பு, நெத்தலி சாப்பிடுங்கள். தேசிக்காயைக் கீரையில் பிழியுங்கள். இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. 1 மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தண்ணீரோடு விழுங்குங்கள்.